சவால் என்றால் கேள்வி

சிஞ்ச்வட்டுக்கு வேலைக்கு வரும் தமிழர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. மராட்டியிலும் இந்தியிலும் புழங்கும் சொற்களில் பல நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இது நல்ல செய்தி. பாதி சொற்களுக்கு அர்த்தம் வேறு. இது கெட்ட செய்தி. 'சவால்' அப்படி ஒன்று. அரபியில் பிறந்து, உருது வழியாக இந்தியா முழுக்கச் சுற்றிய சொல். இந்தியில் சவால் என்றால் கேள்வி, அவ்வளவுதான். தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அது 'முடிந்தால் வந்து பார்' ஆகிவிட்டது. வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று சந்தேகம் கேட்டால் நம் ஊர் வாத்தியார்களில் பலருடைய முகம் ஏன் மாறுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் ஞாபகத்துக்கு வரும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தப் பக்கத்துத் தமாஷாக் கூத்தில் 'சவால்-ஜவாப்' என்று ஓர் அங்கம் உண்டு. ஒரு கோஷ்டி பாட்டில் கேள்வி போடும், எதிர்க் கோஷ்டி பாட்டிலேயே பதில் சொல்லும். மராட்டியர் ஆட்சியோடு தஞ்சாவூருக்கு வந்த லாவணியும் இதே வகைதான். காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, விடிய விடிய டேப் தட்டிக்கொண்டு வாதம் செய்வார்கள். 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். படிக்காத ஜனங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தர்க்கம் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குள் போனால் மட்டும் "கையைக் கட்டு, வாயைப் பொத்து".

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத வந்தது சவாலிராம் பற்றி.

சவாலிராம் ஓர் ஆள் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் உலவிய கற்பனைப் பெயர். பிள்ளைகளுக்கு என்ன சந்தேகம் வந்தாலும் சவாலிராமுக்குக் கடிதம் போடலாம், பதில் வரும். அந்தப் புத்தகத்தின் பெயர் 'பால் வைஞானிக்', அதாவது சிறுவர் விஞ்ஞானி. திட்டத்தின் பெயர் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். சுதந்திர இந்தியாவில் 'பிள்ளைகளை யோசிக்க வைப்பது' என்று மேடையில் பேசாமல், அரசுப் பள்ளிக்கூடத்துக்குள் போய் முப்பது வருஷம் செய்து பார்த்த முயற்சிகளில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். அதற்கும் நான் இருக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது பின்னால் வரும்.

அனில் சத்கோபால் அமெரிக்காவில் கால்டெக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. அந்த வேலையை விட்டுவிட்டு, ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 'கிஷோர் பாரதி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே மாவட்டத்தில் ரசூலியா என்ற இடத்தில் குவேக்கர்கள் நடத்திவந்த நண்பர்கள் ஊரக மையம் இருந்தது. (பிற்காலத்தில் இந்த ரசூலியாவில் வாழ்ந்தவர் மார்ஜரி சைக்ஸ். 1928ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, சென்னை வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். பிறகு காந்தியின் ஆதாரக் கல்விக்காக சேவாகிராமம் போனவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) இந்த இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 1972ல் மாநில அரசிடம் அனுமதி வாங்கி, 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்தன. டில்லிப் பல்கலைக்கழகம், டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் லீவு போட்டுவிட்டு வந்து வேலை செய்தார்கள். 1978ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982ல் இதை எடுத்து நடத்துவதற்கென்றே 'ஏகலவ்யா' உருவானது.

அப்படி என்ன வித்தியாசமாகச் செய்தார்கள்?

முதலில் புத்தகம். அதில் பதில்கள் கிடையாது. "இதைச் செய்து பார். என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது என்று நினைக்கிறாய்?" என்ற ரீதியில் கேள்விகள்தான் பக்கத்துக்குப் பக்கம். நான்கு நான்கு பேராகக் குழு பிரிந்து, சோதனை செய்து, பேசி, தங்கள் நோட்டில் எழுதினால்தான் பாடம் முழுமையாகும். நோட்டும் புத்தகமும் சேர்ந்ததுதான் பாடநூல். ஆகவே இந்தப் புத்தகத்துக்குக் கோனார் நோட்ஸ் போடுவது சாத்தியமே இல்லை!

செடிகளைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். நாம் எப்படிப் படித்தோம்? ஒருவித்திலைத் தாவரம்: இணைப்போக்கு நரம்பு, சல்லிவேர். இருவித்திலைத் தாவரம்: வலைப்பின்னல் நரம்பு, ஆணிவேர். இரண்டு மார்க். அங்கே பிள்ளைகள் வயலுக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் போய்க் கையில் கிடைத்த செடியைப் பிடுங்கி வருவார்கள். இலையைப் பார்த்து ஒரு பட்டியல், வேரைப் பார்த்து ஒரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏதோ ஒரு ஒழுங்கு தெரிகிறதே என்று ஒரு குழு கண்டுபிடிக்கும். இன்னொரு குழு, "எங்கள் செடி உங்கள் விதிக்கு அடங்கவில்லையே" என்று கொண்டுவந்து காட்டும். வகுப்பில் ரகளைதான். அந்த ரகளைதான் பாடம்.

பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டும். கிராமத்துப் பள்ளியில் ஆளுக்கொரு ஊசிக்கு எங்கே போவது? கருவேல முள் போதுமே என்று பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். அதன்பின் கிட் பெட்டியில் எதை வைப்பது என்பது பற்றிய பார்வையே மாறிப்போனது.

எனக்கு மிகவும் பிடித்தது அளவெடுக்கும் பாடம். ஒரே நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள். ஆளுக்கொரு எண் வருகிறது. "யாருடையது சரி சார்?" என்று பிள்ளைகள் ஆசிரியரைப் பார்க்கிறார்கள். நாம் படித்த பள்ளியில் என்றால், சார் ஓர் எண் சொல்வார், மற்றவர்கள் அழித்துவிட்டு அதை எழுதிக்கொள்வார்கள். இங்கே அந்த எண்கள் அத்தனையும் போர்டில் ஏறும். எந்த எண் அதிகம் முறை வந்திருக்கிறது, எது எல்லோரையும் விட்டு விலகி நிற்கிறது, ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறதா, கண்ணைச் சாய்த்துப் பார்த்தோமா என்று பேச்சு போகும். அளவுகளில் வரும் ஏற்ற இறக்கத்துக்கென்றே ஒரு பாடம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோமொபைல் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் கையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு இதே விஷயத்தைத்தான் இரண்டு நாள் ட்ரெயினிங்கில் கற்றுக்கொள்கிறார்கள், பொறியியல் பட்டம் வாங்கிய பிறகு! ஒரு பழுது வந்தால் "ஏன், ஏன்" என்று ஐந்து முறை கேட்கச் சொல்லி டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்கே பாடம் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஒரு 'ஏன்'கூடக் கேட்க விடாமல் வளர்த்துவிட்டு, வேலைக்கு வந்ததும் ஐந்து கேட்கச் சொன்னால் எப்படி வரும்?

பரீட்சையும் வேறு மாதிரி. புத்தகத்தையும் நோட்டையும் தேர்வு அறைக்குள் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லாதபோது பிட் அடித்து என்ன பயன்?

எல்லாம் சரி, ஆசிரியர்கள்? இந்த இடத்தில்தான் பெரும்பாலான சீர்திருத்தங்கள் படுத்துவிடும். மேலிருந்து சர்க்குலர் வரும், ஒரு நாள் பயிற்சி, டீ, பிஸ்கட், கையெழுத்து, முடிந்தது. ஹோஷங்காபாதில் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் பயிற்சி. அதில் ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்து எல்லாச் சோதனைகளையும் செய்யவேண்டும். விடை தெரியாமல் முழிப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும் அல்லவா? அப்புறம் மாதம் ஒரு முறை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் கூடி, எந்தப் பாடம் ஓடியது, எது ஓடவில்லை என்று பேசுவார்கள். அவர்கள் சொன்னதை வைத்துப் புத்தகம் திருத்தப்பட்டது. "எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்" என்று ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் சொல்வது கேவலம் இல்லை என்று ஆக்கினார்களே, என் கணக்கில் அதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய சாதனை.

இப்போது சிஞ்ச்வட். இந்த ஊர் என்றால் மோரயா கோசாவி சமாதிக் கோயில், 1897ல் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்கள், அப்புறம் தொழிற்சாலைகள். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டை ஆட்டோ நகரமாக்கியதில் டெல்கோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2003ல்தான் அது டாட்டா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. (இந்த ஆலையை வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் 'சுமோ'. ஜப்பான் மல்யுத்தம் என்று நினைத்திருந்தவர்கள் கை தூக்கவும்.)

1975ல் கான்பூர் ஐஐடியில் மின் பொறியியல் முடித்துவிட்டு, புனே டெல்கோவில் லாரி செய்யும் வேலைக்கு வந்தவர் அரவிந்த் குப்தா. மாணவராக இருந்தபோது 1972ல் அனில் சத்கோபால் கான்பூருக்கு வந்து பேசியதைக் கேட்டவர். அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. லாரி செய்வதற்காகப் பிறந்தவன் இல்லை நான் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1978ல் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் போனார். திட்டம் மாவட்டம் முழுக்க விரிந்த அதே வருஷம்.

அங்கே வாரச் சந்தையில் திரிந்து, கண்ணில் பட்ட சில்லறைச் சாமான்களை எல்லாம் வாங்கிவந்து பார்த்தார். அதில் சைக்கிள் வால்வுக்குள் போடும் மெல்லிய ரப்பர் ட்யூபும் இருந்தது. மருந்தைச் சுரண்டிய தீக்குச்சி அந்த ட்யூபுக்குள் கச்சிதமாக நுழைந்து நின்றது. ஒரு சின்னத் துண்டு ட்யூபின் இரு பக்கமும் ஒவ்வொரு குச்சி செருகினால், அதுதான் மூட்டு. ட்யூபின் நடுவில் முள்ளால் ஓட்டை போட்டு மூன்றாவது குச்சி. இப்படியே போனால் முக்கோணம், சதுரம், ஐங்கோணம், வீடு, பாலம். சதுரத்தை அமுக்கினால் சாய்ந்து போகும். முக்கோணத்தை என்ன அமுக்கினாலும் அசையாது. கூரைச் சட்டத்திலும் ரயில் பாலத்திலும் சைக்கிள் ஃப்ரேமிலும் முக்கோணம் ஏன் இருக்கிறது என்று யாரும் 'விளக்க' வேண்டியதே இல்லை, விரலுக்கே தெரிந்துவிடும். ஆறு குச்சிகளால் நான்கு முக்கோணம் செய் என்றால் மேஜைமேல் படுக்கவைத்துத் தலையைச் சொறிபவர்களுக்கு, குச்சியைத் தூக்கி நிறுத்தியதும் நான்முகி கிடைத்துவிடும்.

தீக்குச்சி என்றதும் தமிழனுக்கு சிவகாசியும் சாத்தூரும் ஞாபகம் வராமல் இருக்காது. ஹோஷங்காபாத் பிள்ளைகள் தீக்குச்சியில் வடிவியல் படித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், நம் பக்கத்தில் அவர்கள் வயசுப் பிள்ளைகள் விடிகாலையில் பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996ல். ஒரே குச்சி, இரண்டு பால்யம்.

குப்தா பிறகு வேலையை விட்டார். தீக்குச்சி மாதிரிகள் பற்றிய அவருடைய முதல் புத்தகம் பல இந்திய மொழிகளில் போனது. பல வருஷம் கழித்து, ஜயந்த் நார்லிக்கர் உருவாக்கிய புனே அயூகா வானியல் மையத்தில் குழந்தைகளுக்கான அறிவியல் கூடத்தில் 2003 முதல் 2014 வரை வேலை செய்தார். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் வீடியோக்கள் அங்கிருந்து வந்தவைதான். 2018ல் பத்மஸ்ரீ.

ஹோஷங்காபாதுக்குத் திரும்புவோம். சுமார் 1000 பள்ளிகள், 15 மாவட்டங்கள் என்று வளர்ந்திருந்த அந்தத் திட்டத்தை 2002ல் மாநில அரசு மூடிவிட்டது. அப்போது முதல்வர் திக்விஜய் சிங். கல்வியில் அக்கறையுள்ளவர் என்று பெயர் வாங்கியவர்தான். விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எவ்வளவோ எழுதிப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

மூடவேண்டும் என்றவர்களின் வாதம் என்ன? மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டம் இருக்கும்போது எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் தனிப் புத்தகம்? எட்டாவது வரை சோதனை செய்துவிட்டு, ஒன்பதாவது பத்தாவதில் வழக்கமான பாடத்துக்கும் வழக்கமான பரீட்சைக்கும் போகும்போது அவர்கள் தடுமாறமாட்டார்களா?

இதை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவனால் நிச்சயம் முடியாது. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நமக்கு மறக்குமா? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். 'குலக்கல்வி' என்று பெரியாரும் தி.மு.க.வும் கிளம்பினார்கள். 1954ல் காமராஜர் முதல்வரானதும் அது போனது. கிராமத்துப் பிள்ளைக்கு 'அதன் சூழலுக்கு ஏற்ற' தனிக் கல்வி என்று யாராவது ஆரம்பித்தாலே நமக்குக் காது விடைக்கும். அது நியாயமும்கூட. இதே புனேயில் ஜோதிபா புலே 1882ல் ஹண்டர் கமிஷனுக்கு எழுதிக் கொடுத்த மனுவிலும் இதுதான் அடிநாதம்: உழுகிறவன் கட்டும் வரியில் மேல்சாதியார் படிக்கிறார்கள், உழுகிறவன் பிள்ளைக்கு உருப்படியான தொடக்கக் கல்விகூட இல்லை. ஏழை அப்பாவுக்குப் பரீட்சை மார்க் என்பது ஊரை விட்டு, அந்த நிலைமையை விட்டு வெளியேறும் டிக்கெட். அதைப் பணயம் வைத்து யாரும் சோதனை செய்யக்கூடாது என்று அவர் நினைத்தால் தப்பென்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஹோஷங்காபாதில் நடந்தது குலக்கல்வி இல்லை. அங்கே பிள்ளையை வகுப்பிலிருந்து வயலுக்குத் திருப்பி அனுப்பவில்லை, வயலை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் முதல்தர விஞ்ஞானிகள், டூன் ஸ்கூல் பிள்ளைக்குக் கிடைக்கிற அளவு நல்ல அறிவியல் கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய பாடம் அது. 'ஒரே மாதிரி வேண்டும்' என்பதுதான் குறை என்றால், அந்தப் புத்தகத்தையே மாநிலம் முழுக்கக் கொடுத்து, பத்தாம் வகுப்புப் பரீட்சையையும் மாற்றியிருக்கலாம். அதற்குச் செலவும் அதிகம், தலைவலியும் அதிகம். சுலபமான வழியில் சமத்துவம் வந்தது: எல்லோருக்கும் மனப்பாடம்.

நம் ஊர்க் கதையும் கொஞ்சம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987ல் 'துளிர்' பத்திரிகையைத் தொடங்கியது. சிறுவனாக அதைப் படித்தவர்கள் இன்னும் அதன் அட்டைப் படங்களைப் பற்றிப் பேசுவார்கள். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில், ஆந்திராவின் ரிஷிவேலி முறையைப் பார்த்துவந்து, 'செயல்வழிக் கற்றல்' ஆரம்பித்தார்கள். தரையில் பாய், கையில் அட்டை, சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. 2007ல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. 16 பள்ளிகளில் ஆரம்பித்து முப்பது வருஷத்தில் ஆயிரத்தைத் தொட்ட ஹோஷங்காபாதோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம். அந்த வேகம்தான் அதன் பலவீனமும் என்பது என் அபிப்பிராயம். அட்டைகள் எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தன. மாதாமாதம் கூடி "இது ஓடவில்லை, மாற்றுங்கள்" என்று ஆசிரியர் சொல்ல, அதைக் கேட்டு அட்டையைத் திருத்துகிற ஏற்பாடு அதே அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

ஏகலவ்யா போபாலிலிருந்து தொடர்ந்து இயங்குகிறது. அவர்கள் 1985ல் தொடங்கிய 'சக்மக்' சிறுவர் பத்திரிகை இந்தி தெரிந்தவர்கள் அவசியம் பார்க்கவேண்டியது. 2005 தேசியக் கலைத்திட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கிய யஷ்பால், ஹோஷங்காபாதுக்கு ஆரம்பத்திலிருந்தே துணை நின்றவர். ஆகவே 2002ல் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் வெளிச்சம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களுக்குள்ளும் விழுந்தது. ஹோஷங்காபாத் என்ற பெயர்தான் இப்போது இல்லை. 2022ல் நர்மதாபுரம் ஆகிவிட்டது.

தீக்குச்சி மாதிரி செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். புது சைக்கிள்களில் பலவற்றில் இந்த வால்வு ட்யூபே கிடையாது. பழைய மாடல் சைக்கிள் ரிப்பேர் செய்யும் கடையில்தான் கேட்கவேண்டும். சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் ஐந்து மீட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை சைக்கிள் வைத்திருக்கிறீர்கள்?" என்றார்.